ராணியம்மாளும் சீர் அண்டாவும்

செதுக்கியே தள்ளியிருக்கானுக, பாத்தியா அம்மிணி? அந்த எகிப்து ராணி கோயில்ல ஒரு செவுரு உடல. மூஞ்சி இருந்த எடத்துல மூஞ்சி இல்ல, பேரு இருந்த எடத்துல பேரு இல்ல. எல்லாரும் செல்போனைத் தூக்கிட்டுச் சிரிச்சுச் சிரிச்சுப் போட்டோ எடுத்தாங்க. எனக்கு வவுறு எரிஞ்சுது. நீ மட்டுந்தான் அந்தச் செவுத்துக்கிட்ட சித்தெ நேரம் நின்னே. அதனாலதான் பஸ்ஸுல உன்ற பக்கத்துல வந்து உக்காந்தேன். உன்ற ஊட்டுக்காரர் பின்னால தூங்கறாரில்ல, தூங்கட்டும். ஆம்பளைக இந்தக் கதையைக் கேட்டா நெளிவாங்க.

எனக்குக் காங்கயத்துப் பக்கம். பேரு துளசிமணி. தேங்காயெண்ணெய் மில்லு வெச்சிருக்கோம். துளசிமணி மார்க் எண்ணெய்னு கேள்விப்பட்டிருப்பியே? இல்லையா? மெட்ராஸ்காரி, உங்களுக்கெல்லாம் பாக்கெட்டுல வர்றதுதான் எண்ணெய். ஈரோடு, கரூர், தாராபுரம் பூரா என்ற டின்னுதான். டின்னுல என்ற படம் இருக்கும், கொண்டை போட்டு, ரெட்டை மூக்குத்தி வெச்சு. இருக்கும்னா சொன்னேன்? இருந்துச்சு. அதைத்தான் சொல்ல வந்தேன். இரு, மொதல்ல அந்த ராணியம்மா கதையைச் சொல்லிப்போடறேன். கைடு சொன்னதை நம்ம டூர்க்காரர் தமிழ்ல சொன்னாரு, ஆனா பத்தியச் சோறு மாதிரி சொன்னாரு, உப்பில்ல காரமில்ல. எனக்குத் தெரியாத கதையா அது? நான் வாழ்ந்த கதை.

பேரு ஹாட்செப்சுட். பல்லுல மாட்டுது, நான் ராணியம்மான்னே சொல்றேன். அப்பன் ராசா. கட்டுனவனும் ராசா. அவளுக்கு அண்ணந்தம்பி மொறையாமா, அந்தக் காலத்து ராசாவூட்டுல அப்படித்தானாம், நமக்கென்ன வந்துச்சு. கட்டுனவன் அல்பாயுசுல போயிட்டான். ராணியம்மாளுக்கு ஒரு பொட்டப்புள்ளதான். இன்னொருத்தி வவுத்துல ஒரு பையன் இருந்தான், துத்மோசுன்னு. நண்டுசிண்டு. மூக்கு ஒழுகுறதைத் தொடச்சுக்கத் தெரியாததைத் தூக்கி நாற்காலியில உக்கார வெச்சா நாடு நிக்குமா? ராணியம்மா பாத்தா. பையன் பெருசாகற வரைக்கும் நான் பாத்துக்கறேன்னா. பொறவு கிரீடத்தை எடுத்துத் தன்ற தலையிலயே வெச்சுக்கிட்டா. அதுல என்ன தப்புங்கறேன்? உழுதவளுக்குத்தானே வெள்ளாமை?

எனக்கும் அதே கதைதான். என்ற ஊட்டுக்காரர் மாரடைப்புல போனப்ப பையன் மூணாங்கிளாஸ் படிச்சான். சென்னியப்பன்னு பேரு. என்ற வவுத்துல பொறந்ததில்ல. மூத்த குடியா பெத்தது. நான் எளைய குடி, ரெண்டாந்தாரம். மூத்தவ பேரு பூவாத்தா. பையன் தவழ்ந்துட்டு இருக்கறப்ப மஞ்சக்காமாலை வந்து போயிட்டா. அவளை நான் நேர்ல பாத்ததுகூட இல்ல, படத்துலதான் பாத்திருக்கேன். அந்தப் படத்தையும் கட்டிட்டு வந்த மாசமே பரண்ல தூக்கி வெச்சாச்சு. ஆணியடிச்ச எடத்துல செவுரு காரை பேந்துட்டு இருந்துச்சு, அதுக்காவத்தான்.

ராணியம்மா ஒட்டுத்தாடி வெச்சுக்கிட்டாளாம். சிலையில பாத்தியா, மோவாயில கயிறு மாதிரி தொங்குச்சே? ராசான்னா தாடி இருக்கோணும்னு ஊரு சொல்லுச்சு, இந்தா வெச்சுக்கிட்டேன், வா இப்பன்னுட்டா. எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கல. நான் என்ற ஊட்டுக்காரரோட வெள்ளைச் சட்டையைச் சீலைக்கு மேல போட்டுக்கிட்டுக் கொப்பரைக் களத்துல நின்னவ. பொம்பளை யாவாரம் பண்ணுனா ஒரு போகத்துக்குத் தாங்காதுன்னான் என்ற கொழுந்தன். புரோக்கருக பூரா என்னை உட்டுட்டுக் கணக்குப்புள்ளைகிட்டப் பேசுவானுக. சட்டையைப் போட்டுக்கிட்டு மில்லுல அவரு உக்கார்ற மர நாற்காலியில உக்காந்தேன் பாரு, அன்னையிலிருந்து வாங்க போங்கதான். அவ கப்பலனுப்பி எங்கியோ கண்காணாத சீமையிலிருந்து சாம்பிராணி மரத்தை வேரோட பேத்துக் கொண்டாந்தாளாமே, செவுத்துல இருக்குதில்ல, ஆளுக காவடியாட்டம் தோள்ல தூக்கிட்டுப் போறது? நான் பொள்ளாச்சிக் கொப்பரை பத்தலைன்னு அந்தமானுக்கு ஆளனுப்புனேன். அப்ப காங்கயத்துல ஆம்பளை ஒருத்தனுக்கு அந்தமான் எந்தத் தெசைன்னு தெரியாது.

ராணியம்மா நல்லாத்தான் ஆண்டா. சண்டை பெருசா இல்ல, சாப்பாட்டுக்குக் கொறை இல்ல. மலையைக் கொடைஞ்சு கோயிலு கட்டுனா. வானத்துக்குக் குத்துறாப்புல ஒத்தைக்கல்லுல தூணு நிறுத்துனா. அந்தப் பையனை ஒண்ணும் பண்ணல, பாத்துக்க. பாலுல வெசம் வெச்சிருக்கலாம், வெக்கல. படை நடத்தச் சொல்லிக் குடுத்து, பேருக்கு நீயும் ராசாதான்னு பக்கத்துல ஓரமா நிறுத்தி வெச்சா. அவ பண்ணுன தப்பு அது ஒண்ணுதான். பாம்புக்குப் பாலு வாத்தா பாலையா கக்கும்? அவ செத்தா. இவன் உளியைத் தூக்கிட்டான். பேரு, படம், சிலை எல்லாத்தையும் செதுக்கு, ஒடை, மூடுன்னுட்டான். அவ பேரு இருந்த எடத்துல அவன் பேரு, அவங்கப்பன் பேரு.

இதுல கைடு ஒண்ணு சொன்னான், கேட்டியா? அவ செத்து வெகு வருசம் கழிச்சுத்தான் அடிச்சிருக்கானாம். அதனால அது கோவமா இருக்காதாம். தன்ற மகனுக்குப் பட்டம் தகராறில்லாம போகோணும்னு பண்ணியிருக்கலாம்னு படிச்சவங்க சொல்றாங்களாம். படிச்சவங்க! கோவம்னா உடனே அடிக்கோணும்னு எந்தப் பொஸ்தகத்துல எழுதியிருக்குது? நல்ல கோவம் ஊறோணும் அம்மிணி. மாங்கா ஊறுகா மாதிரி. மேல பாத்தா எண்ணெய் மினுமினுன்னு நிக்கும். அடியில உப்பு வேலை செஞ்சுட்டே இருக்கும்.

என்ற சென்னியப்பன் அந்த ரகம். வாயைத் தொறக்க மாட்டான். அம்மாம்பான், சரிங்கம்மாம்பான், கால் அமுக்கி உடட்டுங்களாம்பான். கண்ணாலம் பண்ணி வெச்சேன், மருமவளும் அதே மாதிரி சரிங்கத்தைதான். எனக்கு முட்டி தேஞ்சு போச்சுன்னதும் மில்லை அவன் கைல குடுத்தேன். அப்பவும் நாற்காலியில உக்காரல. பக்கத்துல ஸ்டூலு போட்டு உக்காந்துதான் கணக்குப் பாக்கறான். ஊரே மெச்சுது, பெத்த தாயைக்கூட இப்படி ஆரும் பாக்க மாட்டாங்கன்னு. நான் மட்டும் நெனச்சுக்குவேன், இவன் எதுக்கோ காத்திருக்கறான்னு. இந்தச் சித்திரையில தெரிஞ்சுது.

சோறு போட்டுக்கிட்டு இருந்தேன். "அம்மா, எண்ணெய்க்குப் புது டின்னு போடறோமுங்க. பழசு வெளிறிப் போச்சு. டின்னுல பேரும் மாத்தலாம்னு இருக்கேன். பூவாத்தாங்கற பேரு..."ன்னான். அவ்வளவுதான். கரண்டியைச் சோத்துலயே போட்டுட்டு எந்திரிச்சுட்டேன். மேக்கொண்டு ஏதோ சொல்ல வந்தான். அம்மா கேளுங்கம்மா, அம்மா கேளுங்கம்மான்னு கதவுக்கிட்ட நின்னான். கேக்கறதுக்கு எனக்கென்ன தலையெழுத்தா? இத்தனை வருசம் அவ பேரை நான் அந்த ஊட்டுல ஆரு வாயிலயும் வர உட்டதில்ல. ஒத்தை நொடியில சோத்துத் தட்டுக்கு முன்னால கொண்டாந்து வெச்சுட்டான்.

உண்மையைச் சொல்லிப்போடறேன், நீ அந்நியம்தானே. மில்லுக்கு மொதல்ல அவ பேருதான். பூவாத்தா மார்க். அவ நகையை வித்துத்தான் செக்கு வாங்கிப் போட்டாராம் என்ற ஊட்டுக்காரர். போட்டாப் போட்டுட்டுப் போகட்டும், நடத்துனது ஆரு? அவரு போன பொறவு நான்தான் மாத்துனேன். போர்டு, டின்னு, லாரி முதுகு, எல்லாம் பதினாறாம் நாளு காரியம் முடியறதுக்குள்ள மாத்திப்போட்டேன். செத்தவ பேரு வெச்ச எண்ணெயை ஆரு தலைக்குத் தேய்ப்பா? அது யாவாரம். இவன் பண்ணுனது துரோகம். ரெண்டும் ஒண்ணாகுமா? ஆகாதில்ல? சரி, தண்ணியைக் குடி, இந்த ஊரு வெயிலு தொண்டையை வறட்டுது.

நான் அவன்கிட்டப் பேசறதை நிறுத்திட்டேன். ஒரு வாரம் கழிச்சு வந்து, "அம்மா, நீங்க வெளிநாடு பாக்கோணும்னு சொல்லுவீங்களே, எங்கியாச்சும் போயிட்டு வாங்க, மனசு மாறும்"னான். எனக்குப் புரியாதா? என்னைச் சீமை தாண்டி அனுப்பிப்போட்டு நிம்மதியா டின்னு மாத்தலாம்னு திட்டம். எந்த ஊருன்னான். டிவியில பிரமிடு ஓடிட்டு இருந்துச்சு. எகிப்துன்னேன். நெம்பத் தொலைவா இருக்குமில்ல, செலவாகட்டும்னுதான். இங்க வந்து பாத்தா எனக்கு முன்னாலயே ஒருத்தி அனுபவிச்சுட்டுப் போயிருக்கறா. அவளுக்காவது செத்த பொறவு பண்ணுனான். எனக்கு உசுரோட இருக்கறப்பவே.

நான் சும்மா வந்துடுவனா? கெளம்பறதுக்கு முந்துன நாளு ஒரு காரியம் பண்ணிப்போட்டுத்தான் வந்தேன்.

எங்க ஊட்டுல ஒரு பித்தளை அண்டா இருக்குது. ஆளே உள்ள உக்காரலாம். பூவாத்தாளுக்கு அவங்கப்பன் ஊட்டுச் சீரு. சீருப் பாத்திரம்னா பேரு வெட்டுவாங்கல்ல, அது மாதிரி பூவாத்தான்னு கொட்டை எழுத்துல வெட்டியிருந்துச்சு. நான் வாக்கப்பட்டு வந்தப்ப அந்த ஊட்டுல டம்ளரைத் தொட்டா அவ பேரு, கரண்டியைத் தொட்டா அவ பேரு. சொம்புல தண்ணி குடிக்கறப்பக்கூட அவ என்ற ஒதட்டுல வந்து இடிக்கறா. ஆரு ஊட்டுல வந்து ஆரு இருக்கறான்னே தெரியல எனக்கு. பத்தொம்பது வயசுப் புள்ளைக்கு எப்படி இருந்திருக்கும்? அழுகையா வரும். சின்னச் சாமானை எல்லாம் போட்டுட்டுப் புதுசு வாங்கிட்டேன். அண்டாவைப் போட ஊட்டுக்காரர் உடல. சரின்னு தெருவுல பேரு வெட்டறவன் வந்தப்ப கூப்பிட்டேன். இந்தப் பேரைச் சுத்தியில தட்டி அமுக்கிப்போட்டு என்ற பேரை வெட்டுன்னேன். "எடந்தான் நெறைய இருக்குதுங்களே, அக்கட்டால வெட்டித் தாரேன்"னான். வேண்டாம், அதே எடத்துல வெட்டுன்னேன். தட்டுனான், வெட்டுனான். துளசிமணி. பாக்க நல்லாத்தான் இருந்துச்சு.

ஆனா அம்மிணி, புளி போட்டு வெளக்கறப்பெல்லாம், ஈரம் காயறதுக்குள்ள, என்ற எழுத்துக்கு அடியில அவ எழுத்து தெரியும். நானும் தேய்ச்சுத் தேய்ச்சுப் பாத்தேன். தேய்க்கத் தேய்க்க நல்லாத் தெரியுது.

இந்தச் சென்னிப் பய அதை எப்படியோ கண்டுபுடிச்சுட்டான். சின்னதுல, கொல்லையில அண்டாவைச் சாச்சு வெச்சு நான் வெளக்கிட்டு இருப்பேன், வந்து பக்கத்துல குத்த வெச்சுக்குவான். அந்தப் பள்ளத்துல விரலை வெச்சு இழுப்பான். என்ற பேருல இல்ல, அடியில இருக்கற பேருல. பள்ளிக்கூடத்துல அ எழுதறதுக்கு முன்னாலயே பூ எழுதப் பழகுனான் அந்தப் பய. அண்டா உருளுமில்ல? "அம்மா, சித்தெ ஆடாம புடிங்கம்மா"ம்பான். ஆரு பேரை எழுதறதுக்கு ஆரு புடிக்கறது! கையைத் தட்டிவுட்டுப் போடா அக்கட்டாலன்னேன். பொறவு நான் இருக்கறப்ப வர மாட்டான். நான் இல்லாதப்ப வந்து எழுதுவான்.

அந்த அண்டாவைத்தான் ஒரு டெம்போ புடிச்சு, மில்லு ஆளுக சோத்துக்குப் போன நேரம் பாத்து, மயில்சாமிகிட்ட ஏத்தி அனுப்புனேன். மயில்சாமி பித்தளை உருக்கிக் குத்துவெளக்கு வாக்கறவன், ஊத்துக்குளி ரோட்டுல பட்டறை. உருக்கிப்போடு, எனக்கு வெளக்கும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், உருக்குனாப் போதும்னேன். பேரு இருக்கற எடத்தை வெட்டி மொதல்ல போடுன்னும் சொன்னேன்.

இன்னைக்குக் காலையில கைடு சொன்னானே, இந்த ஊருக்காரங்களுக்கு அந்தக் காலத்துல பேருதான் உசுராம், செத்தவங்க பேரை அழிச்சுட்டா மேலோகத்துலயும் அவங்க இருக்க முடியாதாம்னு? கேட்டதும் எனக்குக் குளுகுளுன்னு ஆயிப்போச்சு. இது தெரிஞ்சிருந்தா வாக்கப்பட்ட அன்னைக்கே உருக்கியிருப்பேன். இன்னொண்ணும் பாத்துக்கிட்டேன். உளி போட்டவன் ராணியம்மா உருவத்தைச் சுத்தி ஓரம் புடிச்சுச் செதுக்கிட்டான். ஆளு போயிட்டா, ஆளோட அளவு நிக்குது. தூணைச் சுத்திச் செவுரு வெச்சு மூடுனானாம், மூடுன பாகம் வெயிலு மழை படாம நல்லா நின்னுபோச்சாம். துத்மோசு முட்டாப்பய. செதுக்கக் கூடாது அம்மிணி. மூடவும் கூடாது. உருக்கோணும். நான் அவனை உட வெவரம்.

இரு, போன் அடிக்குது. சென்னியா இருந்தா எடுக்க மாட்டேன். தெனமும் மூணு நேரம் மாத்திரை போட்டீங்களான்னு கேக்கறான், நடிப்பு. இது வேற நம்பரு. ஆரு? மயில்சாமியா! சொல்லு, உருக்கிட்டியா? ஏன் இன்னும் உருக்கல? என்ன? அதனால என்ன? உசுரோட இருக்கறது நான், எனக்கில்லாத பயம் உனக்கென்னடா? சரி, அப்படின்னா என்ற பேரை அரம் போட்டுத் தேச்சுட்டுப் போடு. தேச்சுப் பாத்தியா? பாத்தா? என்னது? பளிச்சுன்னா? அப்ப தேய்க்காதே! தேய்க்காதேங்கறேன்! அப்படியே தூக்கிப் போடு. என்ற பேரு போனாப் போகுது, அவ பேரு இருக்கக் கூடாது. டேய், குடுத்த வேலையைச் செய்யத் துப்பில்லைன்னா பட்டறையை மூடிட்டுப் போ! இப்பவே போடு. இந்த நிமிசமே போடு.

பாரு, நாயம் பேசறான். உசுரோட இருக்கற சுமங்கலி... நான் எங்க சுமங்கலி, எதோ ஒண்ணு, உசுரோட இருக்கறவங்க பேரு போட்ட பாத்திரத்தைத் தீயில எறக்குறது ஆகாதாம். அவங்கப்பன் காலத்துலிருந்து பண்ணுனதில்லையாம். என்ற பேரை மட்டும் தேய்க்கலாம்னு அரத்தை வெச்சானாம், என்ற பேரு தேயத்தேய அவ பேரு பளிச்சுன்னு மேல வருதாம். "ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணா இருக்குதுங்கம்மா, பிரிக்க முடியாதுங்க"ங்கறான். பிரிக்கச் சொல்லி ஆரு கேட்டா? தன் மூக்கறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை. எங்கம்மா சொல்லும். எனக்கு மூக்கு போனாப் போகுது.

இந்தா, நீயும் ஒரு முட்டாய் எடுத்துக்க. எனக்குச் சக்கரைதான், இருந்தாலும் சந்தோசம்.

மறுக்கா என்ன சத்தம்? வாட்ஸப்பா? சென்னியா அனுப்பியிருக்கறான்? படமா? என்ற கண்ணாடி பெட்டியில போயிருச்சு, நீயே பாத்துச் சொல்லு. டின்னா? அனுப்பிட்டானா! என்னைக் குத்தறதுக்குன்னே அனுப்பியிருக்கறான். எவ்வளவு பெருசாப் போட்டிருக்கறான் அவ பேரை? படி, அம்மிணி. பயப்படாமப் படி, நான் ஒண்ணும் மயக்கம் போட்டு உழுந்துட மாட்டேன்.

பேரு இல்லையா? நல்லாப் பாரு. எண்ணெய் டின்னுல பேரு இல்லாம எப்படி? பாத்திரமா? என்ன பாத்திரம்? பெரிய பாத்திரம்னா? அதுல கிறுக்கியிருக்குதா? என்னத்தைக் கிறுக்கியிருக்குது? எழுத்து மேல எழுத்தா? படிக்க முடியலையா உனக்கு?

குடு இக்கட்டால.

கண்ணாடி வேண்டாம். இதுக்குக் கண்ணாடி வேண்டாம்.

அதுக்குக் கீழ என்னமோ ஓடுதே, அது என்ன? பேசி அனுப்பியிருக்கறானா? வெய்யி. சத்தமா வெய்யி.

"அம்மா, டின்னு வந்துருச்சுங்க. அன்னைக்குச் சொல்ல வந்தேன், நீங்க கேக்காம எந்திரிச்சுட்டீங்க. பூவாத்தாங்கற பேரு, துளசிமணிங்கற பேரு, ரெண்டும் இருக்கறது நம்ம அண்டாவுல மட்டுந்தானுங்களே. அதுதான் தனியா பேரு ஒண்ணும் போடாம அண்டாவையே படம் புடிச்சுப் போட்டுட்டேன். எனக்கு ரெண்டு அம்மான்னு ஆருக்கும் சொல்லோணும்னு இல்லீங்க, நமக்குத் தெரிஞ்சாப் போதும். அண்டாவைத்தானுங்க காணோம். ஊடு, தோட்டத்துச் சாளையெல்லாம் தேடிட்டு இருக்கோம். நீங்க வந்து புது டின்னு போடற அன்னைக்கு அதுலதான் பொங்கல் வெக்கோணும். மத்தியான மாத்திரை போட்டீங்களா?"

திருட்டுப்பய. என்னைக் கேக்காம என்ற பேரை அவ பேரோட சேத்துப்போட்டிருக்கறான் பாரு. ஆரைக் கேட்டுச் சேத்தான்? ஊருல போய்ப் பேசிக்கறேன் அவனை. அம்மிணி, அந்த நம்பரு, இப்ப வந்துச்சே அந்த நம்பரு, அதுக்கு அடி. சீக்கிரம் அடி. மேல இருக்குது பாரு, அதான் மயில்சாமி நம்பரு. மணி அடிக்குதா? எடுக்க மாட்டேங்கறானா? துருத்திச் சத்தத்துல கேக்காது அவனுக்கு, மறுக்கா அடி. அவளுக்காக ஒண்ணும் இல்ல, அப்படிப் பாக்காதே. என்ற பேருதான் மேல இருக்குது, அவ அடியிலதான் கெடக்கறா. கெடந்துட்டுப் போகட்டும். என்ற பாரத்தைச் சுமந்துட்டுக் கெடக்கட்டும். மறுக்கா அடி.

மயில்சாமி! உருக்காதே. நான் சொன்னதை உடு, உருக்காதே. என்ன? எப்ப? நான் சொன்னா? நான் வைதா நீ கேக்கோணுமாடா? நீதானே ஆகாதுன்னே! ஆகாதுன்னு சொன்னவன் ஆகாதுன்னே நிக்கோணுமில்ல? சரி. சரி, வெய்யி.

எறக்கிட்டானாம். நான் போட்ட சத்தத்துல கையோட எறக்கிட்டானாம். "நீங்க சொன்னபடியே பேரு இருந்த எடத்தை வெட்டி மொதல்ல போட்டனுங்கம்மா, சித்தெ நேரத்துல எளகிப்போச்சு"ங்கறான். சொன்ன வேலையைச் செஞ்சிருக்கறான், அவனை என்ன சொல்றது.

பாத்தியா அம்மிணி அவ பண்ணுன வேலையை? செத்து இத்தனை வருசம் கழிச்சு, என்ற வாயாலயே சொல்ல வெச்சு, என்ற பேரை அழிச்சுப்போட்டாளே பாவி. நான் ஒருத்திக்கு ஒரு கெடுதல் நெனச்சதுண்டா? இந்த ராணியம்மாளுக்காவது அடிச்சவன் ஆருன்னு காட்டச் செவுரு நிக்குது. நான் ஆரைக் காட்டுவேன்?

படம் இருக்குதுங்கறியா? ஆமா, படம் இருக்குது. அந்தப் போனைக் குடு. பெருசு பண்ணிக் குடு, அந்த எழுத்து மட்டும் தெரியறாப்புல. இதா, து. இது ள. இதுக்கு அடியில வளைஞ்சு போகுதே, இது... இது என்னன்னு எனக்குத் தெரியும். விரலை வெச்சா நகந்து நகந்து போகுதே அம்மிணி. எழுத்து நிக்க மாட்டேங்குது. இந்தா, நீ ஒரு பக்கம் புடிச்சுக்க. சித்தெ ஆடாம புடி.